விஸ்துலாவின் வலது கரை

எண்பதுகளின் நடுப்பகுதியில் ஈலிங்கில் ஒரு சின்ன அச்சகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. ஹவுன்ஸ்லோவில் நாங்கள் இருந்த வீட்டில், என் கணவர் விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுக்கும்போது நான் பஸ் ஏறுவேன். எழுத்துக் கோத்து வரும் காகிதங்களைக் கத்தியால் வெட்டி, அட்டையில் நேராக ஒட்டி, அச்சுக்குத் தயார் செய்வது என் வேலை. கல்யாண அழைப்பிதழ்கள், தேவாலய அறிவித்தல்கள், சாப்பாட்டுக் கடைகளின் விலைப் பட்டியல்கள். கொழும்பில் நான் அரசாங்க உத்தியோகத்தில் படவரைஞராக இருந்தவள். காணிகளையும் குளங்களையும் தெருக்களையும் அளந்து வந்து கொடுப்பார்கள். நான் படமாகக் கீறுவேன். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அந்த அலுவலகக் கதிரைக்குத் திரும்பிப் போக முடியவில்லை. ஆனால் கை மறக்கவில்லை. ஒரு கோடு நேராக இருக்கிறதா இல்லையா என்பது அளவுகோல் வைக்காமலே எனக்குத் தெரியும்.

அச்சக முதலாளி போலந்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். வார்சாவில் பிறந்து வளர்ந்து, இளைஞனாக ஜெர்மன்காரரிடம் கைதியாகி, போர் முடிந்ததும் இங்கே வந்து சேர்ந்தவர். அவருடைய மனைவியும் அதே நகரம்தான். ஆனால் மனைவி ஐம்பதுகளின் கடைசியில்தான் லண்டனுக்கு வந்தார். இருவரும் சந்தித்ததும் மணம் முடித்ததும் இங்கேதான். மனைவியை எல்லோரும் 'பானி' என்று கூப்பிட்டார்கள். போலந்து மொழியில் அது அம்மா என்பது போன்ற மரியாதைச் சொல். ஹவுன்ஸ்லோவில் என் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரிக்குப் பானி என்றால் தண்ணீர். இதைச் சொன்னபோது முதலாளியின் மனைவி மேசையைத் தட்டிச் சிரித்தார். அன்றிலிருந்து நானும் பானி என்றே கூப்பிட்டேன்.

எங்கள் பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அவர்களுடையது ஒரு மாதிரி ஆங்கிலம், என்னுடையது இன்னொரு மாதிரி. அதை இங்கே என் தமிழில் சொல்கிறேன். எனக்கு அவர்கள் குரல் இப்போது அப்படித்தான் கேட்கிறது.

ஒரு நாள் பானி தட்டச்சு செய்த கட்டொன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். தன் பேட்டையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம். லண்டனில் பிறந்த போலந்துப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் தாய்மொழி படிக்கும் வகுப்புகளில் பானி பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இது. மேலே அந்தப் பேட்டையின் தெருப் படம் ஒன்று இருந்தது. யாரோ தெரிந்தவர் கீறிக் கொடுத்தாராம். ஆறு தடித்த புழுவைப் போல வளைந்து கிடந்தது. தெருக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன.

"இது வடக்கோ தெற்கோ?" என்று கேட்டேன்.

"அதுதான் ஒருத்தருக்கும் விளங்கேல்லை," என்றார் பானி. "உங்களாலை திருத்த ஏலுமோ?"

"திருத்த ஏலாது. புதுசாக் கீறித் தாறன்."

முதலாளி அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். ஒட்டும் வேலைக்கு எடுத்த பெண் இப்படிப் பேசுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

அந்தப் பேட்டையின் பெயர் பிராகா. செக் நாட்டுத் தலைநகரமான பிராக் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பானிக்கு இந்தக் குழப்பம் பழகியிருந்தது. "அது வேறை. இது எங்கடை பிராகா. வார்சாவுக்கு நடுவிலை விஸ்துலா ஆறு ஓடுது. இடது கரை மேடு. அரண்மனை, பழைய நகரம், பெரிய மனுசர் எல்லாம் அங்கை. வலது கரை பள்ளம். வெள்ளம் வந்தா முதல் எங்களுக்குத்தான் வரும். அந்தப் பள்ளம்தான் பிராகா." ஒரு காலத்தில் அங்கே காடு இருந்ததாம். அதை எரித்து வெளியாக்கிக் குடியேறியதால், எரிப்பதைக் குறிக்கும் சொல்லில் இருந்தே ஊருக்குப் பெயர் வந்ததென்று சொல்வார்களாம். தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். யோசித்துவிட்டு, "சுட்ட காடு எண்டு சொல்லலாம். ஆனா வேண்டாம். எங்களுக்கு அது பிரேதம் எரிக்கிற இடம் மாதிரிக் கேக்கும்," என்றேன்.

"அதுவும் பொருத்தம்தான்," என்றார் பானி சிரிக்காமல்.

வேலை நேரம் முடிந்ததும் நாங்கள் இருவரும் பின்னறை மேசையில் உட்காருவோம். அவரிடம் ஒரு பழைய சுற்றுலாப் படம் மடிப்புகள் கிழிந்த நிலையில் இருந்தது. அதில் பிராகா ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. தெருப் பெயர்களும் பாதிதான். மீதியை அவருடைய கால்களிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. "வீட்டு வாசலிலை இருந்து தொடங்குங்கோ. பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம் திரும்புவீங்கள்? வெய்யில் முகத்திலையோ முதுகிலையோ?" என்று கேட்பேன். முகத்தில் என்றால் காலையில் கிழக்கு. இப்படி ஒவ்வொரு தெருவாகப் பிடித்தேன். அகலமான நீண்ட தெரு தர்கோவா. சந்தைத் தெரு என்று பொருள். அதிலிருந்து கிழக்கே பிரிகிற கல் பாவிய தெருவில் பானியின் வீடு. இரண்டுக்கும் இடையில் பஸார். சாமான் வாங்குகிறவர்களும் களவெடுக்கிறவர்களும் ஒரே வாசலால்தான் போவார்கள் என்றார். அங்கே பெண்கள் உருளைக்கிழங்கு மாவில் பிடித்த உருண்டைகளைச் சுடச்சுடப் பானையில் வைத்து, ஆறாமல் இருக்கப் பழைய போர்வைகளால் சுற்றிக்கொண்டு விற்பார்களாம். வீடுகள் எல்லாம் தெருவுக்கு முகத்தைக் காட்டி, உள்ளே ஆழமான முற்றங்களை ஒளித்து வைத்திருப்பவை. போர்க் காலத்தில், வெளியே போக முடியாத நேரங்களில் கும்பிட, அநேகமான முற்றங்களில் சனங்கள் மாதா சிலை வைத்தார்கள்.

சரித்திரமும் அப்படியே துண்டு துண்டாக வந்தது. பிராகா முன்பு தனி ஊர். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான் வார்சாவோடு சேர்த்தார்கள். சேர்த்துக் கொஞ்ச வருடத்துக்குள் ரஷ்யப் படை வந்து ஆயிரக்கணக்கான சனத்தை வெட்டிப் போட்டது. பிறகு ரயில் வந்தது. ரயிலோடு தொழிற்சாலைகள் வந்தன. தொழிற்சாலைகளோடு தொழிலாளிகள் வந்தார்கள்.

"எந்த வருசத்துப் பிராகாவைக் கீற?" என்று நான் கேட்டபோதுதான் வேலை சிக்கலானது. பானி அதை யோசித்திருக்கவில்லை. இரட்டைக் கோபுரத் தேவாலயத்தை ஜெர்மன்காரர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள். வட்ட வடிவமான யூதக் கோயில் போரில் சேதப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டுவிட்டது. அதைத் திரும்பக் கட்டவில்லை. அந்தத் தெருக்களில் இருந்த யூதக் குடும்பங்களை ஜெர்மன்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மதில் கட்டி அடைத்து, பின் கொண்டுபோய்க் கொன்றார்கள். பானியின் வகுப்பில் பக்கத்தில் இருந்தவளும் அதில் போனாள். இப்போதைய படம் என்றால் அந்த வட்டக் கோயில் இருக்காது.

பானி சுற்றுலாப் படத்தை மடித்து ஓரமாக வைத்தார். "போருக்கு முந்தினது," என்றார் பிறகு. "எல்லாரும் இருந்த வருசம்."

நான் வட்டத்தைக் கவராயத்தால் கீறினேன்.

வீட்டில் சமையல் மேசையில் வைத்தும் கீறுவேன். என் கணவர் தேத்தண்ணியோடு வந்து குனிந்து பார்ப்பார். "நீர் காணாத ஊருக்கு என்னெண்டு படம் கீறுறீர்?"

"கண்ட ஆக்களைக் கேட்டுக் கீறுறன்."

"பிழைச்சுதெண்டால்?"

"பிழைக்காது."

"பிழைக்காதெண்டு தெரிஞ்சால் சரி," என்று சொல்லிவிட்டு, படத்தில் தேத்தண்ணி சிந்தாமல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

பென்சில் படம் முடிந்ததும் அச்சகத்தில் அடியில் விளக்கு எரியும் ஒளி மேசையில் விரித்து வைத்தேன். முதலாளி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கிட்டக் குனிந்து பார்த்தார்.

"வார்சா எங்கை?" என்றார்.

"இதுதான் வார்சா," என்றார் பானி.

"நான் மற்றப் பக்கத்தைக் கேட்டனான்."

பானி சொல்லியபடி நான் படத்தை ஆற்றோடு நிறுத்தியிருந்தேன். இடது கரை இல்லை, வெறும் காகிதம். "இது என்ரை பக்கத்துப் புத்தகம்," என்றார் பானி. "உங்கடை பக்கத்தைப் பற்றி நூறு புத்தகம் கிடக்கு."

அதற்குப் பிறகு இருவரும் போலந்து மொழிக்கு மாறிவிட்டார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் இது படத்தைப் பற்றிய சண்டை இல்லை என்பது விளங்கியது. பானி கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முதலாளி இயந்திரத்தைப் போட்டுவிட்டார், அச்சடிக்க ஒன்றும் இல்லாதபோதும்.

அடுத்த சில நாட்கள் பானி அச்சகத்துக்கு வரவில்லை. ஒரு மத்தியானம், நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது, முதலாளி தன் பாண் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் சொன்னார்.

நாற்பத்துநாலாம் ஆண்டு, ஆகஸ்டில் நகரத்துச் சனம் ஜெர்மன்காரருக்கு எதிராக எழும்பியது. அவருக்கு அப்போது பத்தொன்பது வயது. நகரின் வடக்கே, இடது கரையில் நின்று சண்டை பிடித்தார். செப்டம்பரில் சோவியத் படை வலது கரைக்கு வந்து பிராகாவைப் பிடித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜெர்மன்காரர் இல்லை. இந்தப் பக்கம் நின்றவர்கள் அதைக் கண்ணால் பார்த்தார்கள்.

"அங்கை புகைக்கூட்டிலை புகை வரும். சமைக்கினம் எண்டு நாங்கள் சொல்லுவம்," என்றார். "அந்தப் படையிலை கொஞ்சப் பேர் ஆத்தைக் கடந்து எங்களிட்டை வரப் பாத்தவை. ஆத்திலையும் கரையிலையும் செத்துப்போச்சினம். பெரிய படை வரேல்லை. கடைசி நாள் எங்கடை தளபதிமார் எங்களை ஆத்தங்கரைக்குப் போகச் சொன்னவை. அந்தப் பக்கத்திலையிருந்து வள்ளம் வரும் எண்டு. வரேல்லை. அதோடை நான் கைதி."

"பானியிலை கோவமோ?"

"அவவிலை என்ன கோவம்? அவ பள்ளிக்கூடப் பிள்ளை. ஆனா அந்தக் கரையைக் கண்டா எனக்கு அந்தப் புகைதான் கண்ணுக்கை நிக்கும். இருபத்தஞ்சு வருசமா ஒரே வீட்டிலை இருக்கிறம். இதைப் பற்றி ஒழுங்காக் கதைச்சதில்லை."

எனக்கு அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் வீட்டிலும் அந்த வருடங்களில் டெலிபோன் மணி அடித்தால், ஊரிலிருந்து என்ன செய்தியோ, யார் எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். தப்பி வந்து ஹவுன்ஸ்லோவில் சூடான அறையில் இருப்பது குற்றமில்லை. ஆனால் சும்மா இருக்கவும் விடாது.

அன்று பின்னேரம் நான் பானியின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் உள்ளே விட்டார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"பானி, படத்திலை ஆத்துக்கு ஒரு கரைதான் இருக்கு. பாக்கிற பிள்ளையள் கடல் எண்டு நினைக்குங்கள். ஆறு எண்டா ரெண்டு கரை வேணும். நான் ரெண்டையும் கீறப் போறன். அந்தப் பக்கத்திலை உங்களுக்குக் கண்ணுக்குத் தெரிஞ்சதை நீங்கள் சொல்லுங்கோ. அவர் நிண்ட இடத்தை அவர் சொல்லட்டும். ரெண்டு பேரும் என்ரை மேசைக்கு வரவேணும்."

"அவர் அனுப்பினவரோ?"

"இல்லை. படம் கீறுறது நான். எனக்குத்தான் வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நீங்கள் கொழும்பிலையும் இப்பிடித்தான் கதைப்பீங்களோ?" என்றார்.

"ஓம். அதுதான் என்ரை படங்கள் சரியா இருந்தது."

சனிக்கிழமை பின்னேரம் இருவரும் வந்தார்கள். மேசையின் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் பானி. முதலில் என்னிடம் மட்டும் பேசினார்கள், மொழிபெயர்ப்பாளரிடம் பேசுவதுபோல. அரண்மனை இங்கே, பாலம் இங்கே, மேட்டின் சரிவு இப்படி. வடக்கே தான் நின்ற பேட்டையை அவர் விரலால் காட்டினார். நான் அளவுகோலை வைத்து ஆற்றின் அகலத்தைப் பார்த்து, "அரைக் கிலோமீட்டர் அளவுதான்," என்றேன்.

பானி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரைப் பார்த்துக் கேட்டார். எனக்கும் விளங்கவேண்டும் என்றோ என்னவோ, ஆங்கிலத்திலேயே கேட்டார். "கடைசி நாளிலை புகை எந்தப் பக்கத்திலை இருந்தது?"

"எல்லாப் பக்கமும்."

"நான் எங்கடை கூரைக்குக் கீழை இருந்த பரணிலை ஏறிப் பாத்தனான். வடக்கை ஆத்தங்கரையிலை வெள்ளைப் புகை. அப்பாவை அதுக்கு முதல் ஜெர்மன்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அம்மா கீழை நிலவறைக்குள்ளை. உங்கடை பக்கத்திலையிருந்து ஜெர்மன்காரர் அடிக்கிற ஷெல் எங்கடை தெருவிலை விழும். நாங்கள் சமைச்சது குதிரை இறைச்சி, அதுவும் கிடைச்சா. தண்ணி எடுக்கிற வரிசையிலை எல்லாரும் கேட்டவை, ஏன் இந்த ரஷ்யப் படை ஆத்தைக் கடக்குதில்லையெண்டு. பதினாறு வயதுப் பிள்ளை நான் ஆரைக் கேக்கிறது?"

முதலாளி மேசைக்கு மேலால் கையை நீட்டினார். நீட்டிய கை என் ஈர மை மேல் படப்போனது. "படத்திலை கை வையாதேங்கோ!" என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். இருவரும் திடுக்கிட்டு, பிறகு சிரித்தார்கள். பானியின் கண்கள் கலங்கியிருந்தன. நான் தேத்தண்ணி போடும் சாட்டில் எழும்பிப் போனேன். திரும்பி வந்தபோது இருவரும் தங்கள் மொழியில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோப்பைகளை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் புறப்பட்டேன்.

புத்தகம் வந்தது. ஒரு மண்டபத்தில் கேக்கும் கோப்பியும் வைத்து வெளியிட்டார்கள். படத்தைப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டியிருந்தோம். வயதானவர்கள் வரிசையாக வந்து தங்கள் வீடு இருந்த இடத்தில் விரலை வைத்தார்கள். கூட்டம் முடிவதற்குள் சில தெருக்கள் கறுத்துப்போய்விட்டன. ஒருவர் டிராம் பாதை ஒரு தெரு தள்ளிப் போகவேண்டும் என்று வாதாடினார். நான் அவரை வாசலில் இருந்து நடக்கச் சொல்லி, எந்தத் தோளில் வெய்யில் பட்டது என்று கேட்டேன். பாதி வழியில் அவரே நின்றுவிட்டார். "சரி, படம்தான் சரி," என்று சொல்லி எனக்கு ஒரு துண்டு கேக் கொண்டுவந்து தந்தார். கீறியது யார் என்று கேட்டவர்களுக்கு முதலாளி தூரத்திலிருந்தே என்னைக் காட்டினார். சேலை கட்டிய ஒரு பெண்ணை அவர்கள் அங்கே எதிர்பார்க்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

போலந்தில் ஆட்சி மாறிய பிறகு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்களுக்கும் பிரிட்டிஷ் பாஸ்போட் வந்திருந்த நேரம், மூன்று பேரும் வார்சாவுக்குப் போனோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீர் கீறினது பிழையெண்டால் திரும்பி வந்து எனக்குச் சொல்லவேணும்," என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

இடது கரையில் இருந்து டிராமில் பாலத்தைக் கடந்தோம். பாலம் முடிந்ததும் முதலாளி இறங்கவேண்டும் என்றார். ஆற்றங்கரைப் புல்லில் தனியாக இறங்கிப் போய், வடக்கே, தான் சண்டை பிடித்த பேட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் மேலே மரங்களின் கீழ் காத்திருந்தோம். பானி அவரைக் கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "இஞ்சையிருந்தும் தூரமாத்தான் தெரியுது."

அதற்குப் பிறகு வழியை நான்தான் காட்டினேன். பானிக்கு முன்னால் நடந்தேன். "இதிலை வலது பக்கம். இனி பஸார் வாசல் வரும்." வந்தது. போரில் தப்பிய வீடுகள் சாயம் உரிந்து, சுவர்களில் குண்டு பட்ட குழிகளோடு நின்றன. வட்டக் கோயில் இருந்த இடத்தில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் காலடியால் அளந்து பார்த்தேன். என் கவராயம் பிழைக்கவில்லை.

பானியின் முற்றத்தில் மாதா சிலைக்குப் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தது. மேல் ஜன்னலில் இருந்து ஒரு பெண் எங்களைப் பார்த்து உரக்க ஏதோ கேட்டாள். நான் பஸாரில் துணி விற்க வந்த வெளிநாட்டுக்காரி என்று நினைத்தாளாம். பானி புத்தகத்தை உயர்த்திக் காட்டிப் பதில் சொன்னார். அவள் படியிறங்கி வந்து படத்தை விரித்துப் பார்த்தாள். தன் வீட்டைக் கண்டுபிடித்தாள். பிறகு முற்றத்தின் பின்மூலையைக் காட்டி, இங்கே ஒரு வாசல் இருக்கிறதே, படத்தில் ஏன் இல்லை என்று கேட்டாள். பானி இல்லையென்றார், அவள் உண்டென்றாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். சரிதான், அடுத்த தெருவுக்கு ஒரு குறுகிய வழி. பானியின் காலத்துக்குப் பிறகு உடைத்தது. நான் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த இடத்திலேயே மெல்லிய கோட்டால் சேர்த்துவிட்டேன்.

இந்த வாக்குவாதத்துக்கிடையில் முதலாளியைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் அதே பின்வழியால் வந்தார். கையில் ஒரு அகலவாய்க் கண்ணாடிப் போத்தல் நிறையச் சுடச்சுட உருளைக்கிழங்கு உருண்டைகள், மேலே பொரித்த வெங்காயம்.

"இந்தப் பக்கத்திலை சாப்பாடு இவ்வளவு நல்லா இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார்.

"முப்பது வருசமாச் சொல்லுறன்," என்றார் பானி.

லண்டனுக்குத் திரும்பிக் கொஞ்சக் காலத்தில் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒட்டுகிற வேலை குறைந்தது. நான் ஒரு கவுன்சிலில் தெருப் படம் வரையும் வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்முகத்தில் பிராகா படத்தை மேசையில் விரித்தேன். இது எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு அரைமணி நேரம் அதன் சரித்திரத்தையும் பூமிசாத்திரத்தையும் சொன்னேன். அவர்கள் நேரத்தைப் பார்த்தார்கள், ஆனால் நிறுத்தவில்லை. வேலையைத் தந்தார்கள்.

முதலாளி அச்சகத்தை விற்றார். இருவரும் வருடத்தில் பாதியை வார்சாவில் கழிக்க முடிவெடுத்து, எந்தக் கரையில் வீடு எடுப்பது என்று குளிர்காலம் முழுவதும் சண்டை பிடித்தார்கள். கடைசியில் பிராகாவில்தான் எடுத்தார்கள், பஸாருக்குக் கிட்ட. வாடகை குறைவு, அதுதான் காரணம் என்று முதலாளி எனக்கு டெலிபோனில் சொன்னார். நான் நம்புவதாகச் சொல்லிவிட்டேன்.